வாய்க்காலுக்குள் போட்ட தடம்

பள்ளிக்கூடத்து இரும்புக் கதவைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர் நடந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஸ்டாப்வாட்ச். நனைந்த ஷூ இரண்டும் கயிறு முடிந்து கழுத்தில் தொங்கின. உச்சி வெயில். வலது பக்கம் வாய்க்காலில் தண்ணீர் என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தது. ஆறு மாதம் பார்த்த வேலை அரை மணி நேரத்துக்கு முன்னால் போயிருந்தது. வேலை போய் இப்படிப் பையோடு நடப்பது எனக்குப் புதிது அல்ல, ஒன்பதாவதோ பத்தாவதோ தடவை. சிரித்துக்கொண்டு நடந்தது அதுதான் முதல் தடவை.

பயிற்சியாளர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எப்போது ஓய்வு, என்ன சாப்பாடு என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. நீங்கள் படித்தவர்கள், நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நான் தப்பு செய்த நாட்களைத்தான் என்னால் சொல்ல முடியும். அதில் இது ஒரு நாள்.

என் ஊர் சங்கரன்கோவில் பக்கம், கரிசல்காடு. பதினாலு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். லாரியில் கிளீனர், செங்கல் சூளை, சாப்பாட்டுக் கடையில் இலை எடுப்பது என்று சுற்றி, ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் எவர்சில்வர் குடத்துக்காக ஓடினேன். அன்றைக்கு என்னைப் பார்த்த ஒருவர் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் ஓட்டம்தான். பத்தாயிரம் மீட்டர், கிராஸ் கண்ட்ரி. இரண்டு தடவை நாட்டுக்காக ஓடியிருக்கிறேன். மூன்றாவது தடவைக்கான தேர்வு வடக்கே ஒரு ஊரில், பனிக்காலத்தில் நடந்தது. தடத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார்கள். அதை நம்பி, தடத்தை நடந்து பார்க்காமல் தூங்கிவிட்டேன். மறுநாள் பனிமூட்டத்துக்குள் ஒரு சாக்கடை இருந்தது. விழுந்து எழுந்து ஓடி ஏழாவதாக வந்தேன். அணிக்கு ஆறு பேர்.

அன்றிலிருந்து எந்தத் தடமானாலும் இரண்டு தடவை நடந்து பார்ப்பேன். நான் சொல்ல வந்த நாளிலும் நடந்து பார்த்துத்தான் இருந்தேன். அதுதான் வேடிக்கை.

அப்போது மணிமுத்தாறு அணைக்குக் கீழே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை. அந்த வருஷம் மாவட்ட கிராஸ் கண்ட்ரி போட்டியை எங்கள் தாளாளர் தன் பள்ளிக்குக் கேட்டு வாங்கிவிட்டார். தடம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு நாலு கிலோமீட்டர், இரண்டு சுற்று. முதல் ஆறு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள்.

கார் நெல் அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறும் அடித்தாளாகக் கிடந்தது. ஓடுவதற்கு நல்ல தரை. ஆனால் வயலுக்குப் போகிற வரப்பு ஒற்றையடிதான். ஐம்பத்திரண்டு பிள்ளைகளை எடுத்த எடுப்பில் அதில் ஏற்ற முடியாது, ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிடுவார்கள். முதலில் அகலமாக ஒரு கிலோமீட்டர் வேண்டும். தேடிப் போனால், வாய்க்கால்!

தண்ணீர் இல்லாத வாய்க்கால். அதற்குள் முப்பது நாற்பது பெண்கள், நூறு நாள் வேலைக்காரர்கள், முள்ளை வெட்டி, புல்லைச் செதுக்கி, மண்ணை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தரை வாரிப் பெருக்கிய முற்றம் மாதிரி இருந்தது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர் பாசன சங்கத்துத் தலைவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, எங்க பிள்ளைகளுக்கு இதவிட நல்ல இடம் கிடைக்காது. ரொம்ப சந்தோஷம்."

"அதுக்கென்ன வே, வருஷா வருஷம் செய்யுத வேலைதான. எல்லாருக்கும் நல்லதுதான" என்றார் அவர்.

தண்ணீர் வருவதற்காக நான் சந்தோஷப்படுகிறேன் என்று அவர் நினைத்தார். எனக்காகத்தான் பெருக்குகிறார்கள் என்று நான் நினைக்காவிட்டாலும், பெருக்கியதை நான் பயன்படுத்துவதில் அவருக்குச் சம்மதம் என்று நினைத்தேன். அணைத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால்தான் வாய்க்காலைச் சுத்தம் செய்வார்கள் என்பது இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் கரிசல்காட்டுக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் மேலேயிருந்து விழும், அல்லது விழாது. நாள் குறித்துத் தரையோடு நடந்து வரும் என்று எனக்கு யார் சொன்னது? வாய்க்காலுக்குள் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் கொடி நட்டேன். மேல் முனையில் படிக்கட்டு வழியாகக் கரையேறி, வரப்பு வழியாக வயலில் இறங்கி, தொடங்கிய இடத்துக்கே திரும்பும்படி தடம். இரண்டு தடவை நடந்து பார்த்தேன். பிரமாதமாக இருந்தது.

இனி இசக்கியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு வயது. மேலே மாஞ்சோலை மலையில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கே வேலை இல்லாமல் போகவும் குடும்பம் கீழே இறங்கி வாடகை வீட்டுக்கு வந்தது. அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். ஒருநாள் காலையில் பஸ்ஸைத் தவறவிட்டுப் புத்தகப் பையோடு பின்னாலேயே ஓடினாள். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றபோது இவளும் நின்றாள். கண்டக்டர், "ஏட்டி, நீ டிக்கெட் எடுக்கவே வேண்டாம்" என்றார். நான் அந்தப் பஸ்ஸுக்குள் இருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு, என் பள்ளி வேலை தொடங்குவதற்கு முன்னால், அவளோடு கரையில் ஓடினேன்.

அவள் அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பேசிவிட்டார். மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். நான் போய்க் கேட்டேன். மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்பு, சாப்பாடு எல்லாம் அங்கேயே என்றேன். அவர் நியாயமான மனிதர்.

"ஆறு பேருக்குள்ள வந்துட்டான்னா இருக்கட்டும் சார். இல்லன்னா எங்ககூட வந்துரட்டும். அவளுக்கும் ஒரு தையல் மிஷின் உண்டுன்னு சொல்லியிருக்காங்க. ஒத்தையில விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது."

போட்டி நாள் காலை ஆறரை. ஏழு மணிக்குத் தொடக்கம். பிள்ளைகள் கை காலை உதறிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மொபெட்டில் கரையோடு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். தோளில் புதுத் துண்டு, வண்டியின் முன்னால் ஒரு கூடை பூ.

"என்ன வே இது, வாய்க்காலுக்குள்ள கலர் கலராக் கொடி நட்டு வச்சிருக்கீரு?"

"தடம் அண்ணாச்சி. இன்னைக்குப் போட்டியில்லா."

"போட்டியா? இதுக்குள்ளயா?" அவர் வண்டியை ஸ்டாண்டு போட மறந்துவிட்டார். பூக்கூடை சாயப் போனது. "அஞ்சு மணிக்குத் தண்ணி திறந்தாச்சு வே! வந்துக்கிட்டு இருக்கு!"

"எங்க வருது?"

"மேலப் பாலத்தத் தாண்டிட்டு."

தலைமை நடுவர் ஓடி வந்தார். பேட்டையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், பேட்டை வாத்தியார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். விஷயத்தைக் கேட்டதும் விசிலைக் கையில் எடுத்தார். "நிறுத்திருவோம். இன்னொரு நாள் வைக்க வழியில்ல. பட்டியல் சாயந்திரம் சென்னைக்குப் போகணும். போன வருஷத்து நேரத்த வச்சு ஆறு பேர எழுதி அனுப்பிருவோம்."

போன வருஷம் இசக்கி மலைமேல் இருந்தாள். அவளுக்கு நேரம் என்று எதுவும் எந்தத் தாளிலும் கிடையாது. போட்டி நின்றால் அவளுக்குத் திருப்பூர். அவள் பத்தடி தள்ளி நின்று எங்கள் மூன்று பேர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு மணி வரைக்கும் நேரம் தாங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு வாய்க்காலுக்குள் குதித்து மேற்கே ஓடினேன்.

ஐம்பத்தாறு வயது. ஒரு முழங்கால் ஏற்கெனவே போயிருந்தது. ஆனாலும் ஓடினேன். ஏனென்றால் தண்ணீர் வருகிறது என்பதில் எனக்கு ஒரு செய்தியும் இல்லை. எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதுதான் செய்தி. அதைக் கரையில் நின்று பேசித் தெரிந்துகொள்ள முடியாது.

தடத்தின் மேல் முனையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சத்தம் கேட்டது. முதலில் குலவைச் சத்தம், அப்புறம் சின்னப் பிள்ளைகளின் கூச்சல். வளைவு திரும்பியதும் பார்த்துவிட்டேன். நான் நினைத்திருந்தது ஒரு வெள்ளம். வந்ததோ கணுக்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புத் தண்ணீர். முன்னால் நுரை, சருகு, தேங்காய்ச் சிரட்டை, ஒற்றைச் செருப்பு. அதற்கும் முன்னால் ஏழெட்டுக் கொக்குகள், தரையிலிருந்து தப்பி ஓடும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டே நடந்து வந்தன. வாண்டுகள் தண்ணீரின் நுனியில் கால் வைத்தும் எடுத்தும் கூடவே வந்தார்கள். தண்ணீருக்கு அவசரமே இல்லை. தரையில் இருந்த ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது.

கரையில் நூறு மீட்டருக்கு ஒரு கல் உண்டு. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரைக்கும் தண்ணீரோடு நடந்தேன். ஸ்டாப்வாட்ச் ஐந்து நிமிஷம் காட்டியது. அப்படியானால் கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம். தடத்தின் மேல் முனைக்கு அது வந்து சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாய்க்காலைக் கடக்க ஐந்தாறு நிமிஷம் போதும். முதல் சுற்றுக்கு மட்டும் வாய்க்கால். இரண்டாவது சுற்றில் பிள்ளைகள் சிதறி இருப்பார்கள், வரப்பே தாங்கும். ஏழு மணிக்கு விசில் ஊதினால் ஏழு பத்துக்கு வாய்க்காலில் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

திரும்பி ஓடி வந்து வாத்தியாரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். அவர் வாயில் விசில் போகும்போது மைக்கில் தாளாளர் குரல் கேட்டது.

"போட்டியைத் தொடங்குவதற்கு முன்னால் இரண்டே இரண்டு நிமிடங்கள் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்…"

ஓட்டத்தின் பெருமையைச் சொன்னார். தன் பள்ளியின் பெருமையைச் சொன்னார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் அதைப் போர்த்திக்கொண்டு ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வே, உம்ம முதலாளி வாயில மடை ஏதும் கிடையாதா?" என்று அண்ணாச்சி என் காதில் கேட்டார். பேச்சு இருபத்திரண்டு நிமிஷம்.

முடிந்தபோது தண்ணீர் மேல் முனையை நெருங்கிக்கொண்டிருக்கும் என்று கணக்கு சொன்னது. பிள்ளைகளும் தண்ணீரும் அங்கே ஒன்றாகத்தான் போய்ச் சேருவார்கள்.

"தடம் போட்டவரு நீரு. நீரே சொல்லும்" என்றார் வாத்தியார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஓடவிடலாம் என்று என் மனது உடனே சொன்னது. அந்த மனதை நான் நம்பவில்லை. அதில் இசக்கி இருந்தாள். நமக்கு வேண்டிய பிள்ளை ஒருத்தி வரிசையில் நிற்கும்போது நமக்கு ஆழம் குறைவாகத்தான் தெரியும். அதனால் அங்கே யாருக்கு அந்த வாய்க்கால் தெரியுமோ, யாருக்கு அந்தப் போட்டியில் ஒரு லாபமும் இல்லையோ, அவர்களிடம் அண்ணாச்சியின் மொபெட்டில் ஏறிப் போனேன். வாய்க்காலைச் சுத்தம் செய்த பெண்கள் தண்ணீர் பார்க்க மேல் முனைப் படிக்கட்டுப் பக்கம் கரையில் வந்து நின்றிருந்தார்கள்.

"எம்மா, இந்த இடத்துல முதல்ல வர்ற தண்ணி எவ்வளவு இருக்கும்?"

"கரண்டைக்கால் நனையும். முட்டுக்கு வர இன்னும் அரை மணிக்கூர் ஆவும்."

"கண்ணாடி, முள்ளு?"

"நாங்க பெருக்கின வாய்க்கால்ல முள்ளா?" அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாம்பு கீம்பு?"

"வந்தா அதுவும் ஓடத்தான் செய்யும். ஏழாவதா எழுதிக்கிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அந்த அம்மா யாரும் சொல்லாமலே ஆட்களைப் பிரித்தார். பத்தடிக்கு ஒருத்தியாகக் கரையிலும் தரையிலும் நின்றார்கள். "ஒரு பிள்ள தடுமாறுனாலும் நாங்க தூக்கிருவோம். நீரு விசில ஊதச் சொல்லும்."

போனில் வாத்தியாரைக் கூப்பிட்டு ஊதச் சொன்னேன். படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டேன்.

முன்னால் வந்தது வடிவு. சண்முகவடிவு, எங்கள் பள்ளிப் பிள்ளை, போன வருஷத்து முதல் இடம், தாளாளர் கேடயத்துக்கு அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்திருந்தது அவளை நம்பித்தான். வயல்காட்டுக் குடும்பம். அவளோடு இன்னும் ஏழு பேர் கொத்தாக வந்தார்கள். இசக்கி ஒன்பதாவது. சமதளத்தைப் பார்த்ததும் பாய்ந்து, மூச்சு வாங்கி, பின்தங்கிவிட்டாள். மலைப் பிள்ளைகளுக்கு ஏற்றம்தான் வேகத்தைச் சொல்லிக் கொடுக்கும். ஏற்றம் இல்லாவிட்டால் எங்கே அடக்குவது என்று தெரியாது. நான் பட்டபாடு அதற்குத்தான்.

படிக்கட்டுக்கு முப்பது அடி இருக்கும்போது தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணாச்சி கூடையோடு பூவைக் கொட்டினார். நான் பிள்ளைகள் வழுக்குவார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடிவு நின்றுவிட்டாள்.

வழுக்கவில்லை, விழவில்லை. நின்றாள். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் வந்தவளும் நின்றாள், அவளும் குனிந்தாள். அப்புறம் அத்தனை பேரும். ஒருத்தி கொஞ்சம் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். மாவட்டத்தின் மிகச் சிறந்த எட்டு ஓட்டக்காரிகள், போட்டி நடுவில், புதுத்தண்ணீரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். பனியிலும் மணலிலும் ஓடியிருக்கிறேன், இப்படி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இதற்கு ஒரு வரி கிடையாது. வயல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அதைத் தாண்டி ஓடத் தெரியாது.

இசக்கியின் ஊரில் வருஷம் முழுக்க எங்கே பார்த்தாலும் தண்ணீர். அவள் நிற்கவில்லை. எல்லாரையும் சுற்றிக்கொண்டு சளப் சளப் என்று மிதித்து, வடிவின் முகமெல்லாம் சேற்றைத் தெளித்துவிட்டுப் போனாள்.

"ஏட்டி, கண்ணு தெரியலையா?" என்று வடிவு கத்தினாள்.

இசக்கி படியேறி என் முன்னால் வந்தாள். முன்னால் யாரும் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. நின்றாள்!

"சார், மத்தவங்கள்லாம் எங்க? நான் வழி தப்பிட்டனா?"

"வழி சரிதாம்ட்டீ, ஓடு!"

"அவங்க ஏன் அங்கன குனிஞ்சுக்கிட்டு நிக்காங்க?"

"அத அப்புறம் சொல்லுதேன். நீ ஓடுட்டீ!"

ஓடினாள். அதற்குள் எட்டுப் பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிவிட்டார்கள். தண்ணீரைப் பார்த்த சந்தோஷமோ என்னவோ, எல்லாரும் புதுக்கால் முளைத்த மாதிரி ஓடினார்கள். இரண்டாவது சுற்றில் ஒருத்தி இசக்கியைத் தாண்டினாள், அப்புறம் வடிவு, அப்புறம் இன்னும் இரண்டு பேர். கடைசி இருநூறு மீட்டரில் ஐந்தாவதாக ஒருத்தியும் தாண்டினாள். ஆறாவதாக இசக்கி. அவளுக்கு ஒரு கை தூரத்தில் ஏழாவதாக ஒரு பிள்ளை. நான் கத்தவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் காலை ஐந்தரை மணிகளில் சொல்லி முடித்தாகிவிட்டது. கோட்டைத் தாண்டும்போது அந்தக் கை தூரம் அப்படியே இருந்தது. ஆறாவது.

அவள் அப்பா அறுத்த வயலிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே நேரமாயிற்று.

முதலில் வந்தவள் வேறு பள்ளி, வடிவு இரண்டாவது. கேடயம் போயிற்று. தாளாளர் மேசைக்கு வந்தார். "இது என்ன போட்டி? பாதியில தண்ணி வந்து பிள்ளைகள் நின்னுருக்காங்க. ரத்து செய்யுங்க. போன வருஷ நேரத்த வச்சு அனுப்புங்க."

பேட்டை வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "ஐயா, நீங்க ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருந்தா தண்ணி வர்றதுக்குள்ள பிள்ளைக வீட்டுக்கே போயிருக்கும். சரி, நின்ன பிள்ளைககிட்டயே கேப்போம்."

வடிவைக் கூப்பிட்டார். அவள் முகத்தில் சேறு இன்னும் காயவில்லை. தாளாளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரத்தானால் முதல் இடம் அவளுக்குத்தான். அது அவளுக்குத் தெரியும்.

"யாரும்மா உங்கள நிறுத்தினா?"

"யாரும் நிறுத்தல சார். புதுத்தண்ணியக் கும்பிடாம எப்படிப் போறது? எங்க வீட்டு வயலு இதுலதான் பாயுது."

"அந்தப் பிள்ள மட்டும் நிக்காமப் போச்சே?"

"அவளுக்கு வயலா இருக்கு? நாங்க நின்னது எங்க பாடு. அதுக்கு அவ எதுக்கு நிக்கணும்?" பிறகு இசக்கியின் பக்கம் திரும்பி, "ஆனா சேத்த அடிச்சதுக்கு இவள நான் சும்மா விட மாட்டேன்" என்றாள்.

மற்ற ஏழு பேரும் அதையே சொன்னார்கள். வாத்தியார் பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

பதினொன்றரைக்குத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம பள்ளிக்கூடத்துல வேலை. கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பயிற்சி. நல்லா இருக்கே."

"காலை அஞ்சரைக்குத்தான் சார். ட்யூட்டிக்கு முந்தி."

"இனிமே நாள் பூராச் சொல்லிக் குடுக்கலாம். நேரம் கிடைக்கும்."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அவரிடம் கேட்காமல் செய்தது என் தப்பு. ஒருவேளை கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். உங்களுக்கு இப்படி ஒரு பிள்ளை அகப்பட்டால், முதலில் உங்கள் பள்ளியில் சொல்லிவிடுங்கள். நான் பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த நடை, அந்தச் சிரிப்பு.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மதகின்மேல் அண்ணாச்சி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு நாள் அவருக்கு அதுதான் வேலை.

"எங்க வே, பையும் கையுமா?"

"தெரியல அண்ணாச்சி. தண்ணி போற பக்கம்."

"தண்ணி எங்க ஊர்க் குளத்தோட நின்னுருமே. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் திருச்செந்தூர் போலாம்னு இருக்கேன். அங்கன கோயில்ல சாப்பாடு உண்டு. படுக்க மண்டபமும் உண்டு. முன்னாடி ரெண்டு தடவை இருந்திருக்கேன்."

அவர் வேலை போன கதையைக் கேட்டார். சிரித்துச் சிரித்து மதகிலிருந்து விழப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார், முகத்தை அல்ல.

"வாய்க்காக் கரை பாக்குத ஆளு கோயம்புத்தூருக்கு மக வீட்டுக்குப் போயிட்டாரு. பன்னெண்டு கிலோமீட்டர். காலைல ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா. எங்கயாச்சும் நண்டு வளை தோண்டித் தண்ணி கசியுதான்னு பாத்து அடைக்கணும். நம்ம பயலுவள்லாம் பைக்குல போயிட்டு வந்து பாத்தாச்சுங்கானுவ. பைக்குல போறவனுக்கு நண்டு வளை தெரியுமா வே? நடக்க ஒரு ஆளு வேணும். காலைல ஓடுனீரே, அத நான் பாத்தேன். நாளைக்குக் காலைல முதல் மதகுக்கு வாரும். மனசு இல்லைன்னா அப்படியே திருச்செந்தூர் பஸ் ஏறிக்கிடும்."

அன்று இரவு பாசன சங்கக் கட்டடத்தில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு முதல் மதகுக்குப் போனால் எனக்கு முன்னாலேயே இரண்டு பேர் நின்றார்கள். இசக்கி. அவளோடு வடிவு.

"மாநிலப் போட்டிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு சார்" என்றாள் இசக்கி. "அப்பா திருப்பூருக்கு அம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. நீங்க இங்கனதான் இருப்பீங்கன்னு அண்ணாச்சி சொன்னாரு."

"வடிவு, உன்ன ஸ்கூல்ல தேட மாட்டாங்களா?"

"ஸ்கூல் ஒம்பது மணிக்குத்தான சார்."

"உங்க வீட்டுல?"

"தாத்தாதான் அனுப்புனாரு. கசிவு பாக்க நாலு கண்ணு கூட இருந்தா வயலுக்கு நல்லதுன்னாரு."

அண்ணாச்சி வந்து மண்வெட்டியை என் தோளில் வைத்தார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓடாதீரும் வே. பைய நடந்து பாரும். ஓடுனா வளை தெரியாது."

நல்ல பிரச்சினைதான். எனக்கு நடக்க வேண்டும், அவர்களுக்கு ஓட வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த மதகைக் காட்டினேன். அதுவரை ஓடுங்கள், திரும்பி என்னிடம் வாருங்கள், மறுபடி ஓடுங்கள், நான் நடந்துகொண்டே இருப்பேன் என்றேன். இசக்கியிடம் ஒன்று மட்டும் கூடுதலாகச் சொன்னேன். வடிவைத் தாண்டக் கூடாது, அவள் தோளோடு தோளாகப் போகணும், சமதளம் எப்படி ஓடுவது என்று அவள் மூச்சைக் கேட்டுப் பழகிக்கொள்.

"சேறு அடிச்சா?" என்று வடிவு கேட்டாள்.

"அடிக்கிறவ ஒரு சுத்து அதிகம் ஓடணும்."

இரண்டு பேரும் கிளம்பினார்கள். வாய்க்காலில் இப்போது முழங்காலுக்கு மேல் தண்ணீர், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் கரையின் சரிவைப் பார்த்துக்கொண்டு பைய நடந்தேன். ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டேன், முன்னாலிருந்து இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன.

"சார், இங்கன ஒரு வளை! தண்ணி வயலுக்குள்ள போகுது!"

அண்ணாச்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கரையிலேயே மண் வெட்டி, மூன்று கொத்துப் போட்டு, காலால் மிதித்து இறுக்கினேன். கசிவு நின்றது. கரை பார்க்கும் வேலையில் நான் அடைத்த முதல் வளை அது.